எத்துணை மைல்

ஒரு காரியம் நல்லதென்றால் அதற்குப் பணம் கொடுக்கலாம்; இல்லையென்றால் கொடுக்காமலிருக்கலாம். இவ்வளவு நேராக முடிந்துபோக வேண்டிய விஷயத்தின் நடுவே ஒரு சைக்கிள் எதற்காக வந்து நிற்கிறது? நான் நூறு மைல் மிதித்தால் தருவீர்கள், மிதிக்காவிட்டால் தரமாட்டீர்கள் என்றால், நீங்கள் தருவது காரியத்துக்கா, என் காலுக்கா? என் முழங்காலில் ஏறுகிற வலி அந்தக் காரியத்தை முன்னைவிட எந்த விதத்தில் நல்லதாக்கிவிடுகிறது?

கேள்விக்கு ஒரு ஸ்தூலமான முகாந்திரம் உண்டு. தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழாயிரம்பண்ணையிலிருந்து சாத்தூர், விருதுநகர் வழியாகத் திருமங்கலம் தாண்டிப் போய்த் திரும்பினேன். ஏறக்குறைய நூறு மைல், அதாவது 160 கிலோமீட்டர். வங்கி நாற்காலியில் பத்து வருஷங்களுக்கு மேல் உட்கார்ந்து பழகிய உடம்புக்கு இது முதல் தடவை. மைலுக்கு இவ்வளவு என்று நண்பர்களும் சக ஊழியர்களும் முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருந்தார்கள். சேரும் பணம், பட்டாசு விபத்தொன்றில் தாயை இழந்த இரண்டு பிள்ளைகளின் படிப்புக்கு. பத்திரிகைகளில் முதல் பக்கத்துக்கு வராத சிறிய விபத்து அது. என் மனைவி தண்ணீர், உப்புப் போட்ட மோர், வாழைப்பழம், காற்றடிக்கும் பம்ப் இவற்றோடு மொபெட்டில் பின்னால் வந்தாள். ஆக இதில் நான்கு தரப்பு: தருபவர், மிதிப்பவர், பெறுபவர், உடன் வருபவர். இந்த நால்வருக்குள் பணத்தைத் தவிர வேறு என்னென்ன கைமாறுகிறது என்று பார்ப்பதுதான் என் நோக்கம்.

தர்ம காரியத்துக்கென்று தூரத்தை விற்கும் இந்த உருவம் நமக்கு மேற்கிலிருந்து வந்தது. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைக் குறுக்கே கடந்து புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டும் பெரிய சைக்கிள் பயணம் 1980இல் 36 பேரோடு தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரல் 12 அன்று கனடாவில், எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த டெர்ரி ஃபாக்ஸ் என்ற 21 வயது இளைஞன், செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டு மேற்கு நோக்கி ஓட ஆரம்பித்தான். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம். 143 நாட்கள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1 அன்று தண்டர் பே நகருக்கு அருகில் நுரையீரலுக்குப் பரவிய நோய் அவனை நிறுத்தியது. 1981 ஜூன் 28 அன்று இறந்தான். அந்த ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் வேனைப் பற்றிப் பேசுவதில்லை. டக் ஆல்வர்ட் என்ற சிநேகிதன் ஒரு வேனை ஓட்டிக்கொண்டு முன்னே போய் நிற்பான், டெர்ரி வந்து சேர்ந்ததும் தண்ணீர் கொடுப்பான், சமைப்பான். வழியில் இருவருக்கும் மனஸ்தாபம் முற்றிப் பேச்சே நின்றுபோன நாட்களும் உண்டு. டெர்ரியின் தம்பி வந்து சேர்ந்துகொண்ட பிறகுதான் நிலைமை தணிந்தது. பேச்சு நின்ற நாட்களிலும் வேன் நிற்கவில்லை. இதற்குப் பிறகு வருகிறேன்.

டெர்ரி ஃபாக்ஸின் விஷயத்தில் என் ஆரம்பக் கேள்விக்கு இடமில்லை. எந்த நோய்க்காக ஓடினானோ அந்த நோய்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கால் சாட்சியம். என் காலுக்கும் பட்டாசு மருந்துக்கும் அப்படி ஒரு சம்பந்தமும் இல்லை. நான் மிதித்ததற்குப் பதிலாக நூறு தோசை தின்றிருக்கலாம். ஒரு பகல் முழுக்க ஒற்றைக் காலில் நின்றிருக்கலாம். சம்பந்தமில்லாத வலியைக் காரியத்தோடு முடிச்சுப் போடுவது எது என்று கேட்டால், பணம் தருவதாகச் சொன்னவர்களின் வாக்கு என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

வலியை ஒன்றோடு முடிச்சுப் போடுவது நமக்குப் புதிதல்ல என்று யாரும் சொல்லலாம். சாத்தூருக்கு அருகே, வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுகிற இடத்தில் இருக்கன்குடி மாரியம்மன் இருக்கிறாள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இந்தக் கரிசல் சாலைகள் எல்லாவற்றிலும் ஜனங்கள் நடந்து வருகிறார்கள். தீச்சட்டி, ஆயிரங்கண் பானை, மாவிளக்கு, முடி இறக்குதல். பார்வைக்கு என் சைக்கிளும் அந்தப் பாதயாத்திரையும் ஒரே ஜாதி என்று தோன்றும். ஆனால் நேர்த்திக்கடன் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அது கடன். வாங்கியவள் கேட்டாள், கிடைத்தது, அடைக்கிறாள். அவளுக்கும் அம்மனுக்கும் நடுவில் மூன்றாவது ஆள் கிடையாது. அவள் காலில் கொப்புளம் வருவதால் யாரும் அவளுக்குக் கடமைப்பட்டவர் ஆவதில்லை. தன் வலியைத் தானே செலவு செய்து தன் கணக்கைத் தானே முடித்துக்கொள்கிறாள்.

இன்னொரு ஜாதியும் உண்டு. 1990களில், என் பள்ளிப் பருவத்தில், ஊருக்கு ஊர் சைக்கிள் சுற்றுகிறவர்கள் வருவார்கள். பொட்டலில் வட்டம் போட்டு, நடுவே கம்பம் நட்டு, குழாய் ரேடியோ கட்டி, ஐந்து நாளோ ஏழு நாளோ ஒருவன் சைக்கிளை விட்டு இறங்காமல் இராப்பகலாகச் சுற்றுவான். பல் விளக்குவது, குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் சைக்கிள் மேல்தான். கூட வந்தவள், அநேகமாக மனைவி, வட்டத்தோடு நடந்துகொண்டே தட்டை நீட்டுவாள்; செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றுவாள். ராத்திரி அவன் தூங்கிச் சாயாமல் பேச்சுக் கொடுப்பாள். ஜனங்கள் அவன் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். இதை யாரும் தர்மம் என்று சொன்னதில்லை. அவனும் சொன்னதில்லை. பிழைப்புக்குச் சுற்றினான், பார்த்தவர்கள் பார்த்ததற்குக் கொடுத்தார்கள். அதில் ஒரு நேர்மை இருந்தது என்று இப்போது படுகிறது. அவன் வலி அவனுடைய சரக்கு. விலை அவன் கைக்கு வந்தது.

என் சைக்கிள் இந்த இரண்டுக்கும் நடுவே அந்தரத்தில் நிற்கிறது. நேர்த்திக்கடனைப் போல அடக்கமான பாவனை. சைக்கிள் சுற்றுகிறவனைப் போல வேடிக்கை பார்ப்போரை நம்பிய ஜீவிதம். வலி என்னுடையது, பணம் இன்னொருவருடையது, போய்ச் சேருவது மூன்றாமவருக்கு. பெயர் மட்டும் எனக்கு.

‘மைலுக்கு இவ்வளவு’ என்ற ஏற்பாட்டை இந்த வட்டாரத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. இங்கே உழைப்பு என்பதே எண்ணிக்கைதான். தீப்பெட்டி ஒட்டுவது குரோஸ் கணக்கு; 144 பெட்டி ஒரு குரோஸ். குச்சி அடுக்குவது, இயந்திரங்கள் வந்து அது அருகிப்போகும் வரை, கட்டைக் கணக்கு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தடை செய்யும் வரை வீட்டுத் திண்ணைகளில் சரம் பின்னியதும் எண்ணிக்கைக் கூலிக்குத்தான். ஆக, என் தர்மப் பயணம் ஒரு நாள் எண்ணிக்கைக் கூலி வேலை. மாதச் சம்பளக்காரன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமையில் பீஸ் ரேட்டுக்கு உழைத்துப் பார்க்கிறான். அதைப் பார்த்து ஊர் நெகிழ்கிறது. அதே சாலையோரம் ஒரு பெண் திங்கள் முதல் சனி வரை குனிந்த முதுகோடு எண்ணி எண்ணி அடுக்குகிறாள். அவள் முதுகுவலிக்கு மைலுக்கு இவ்வளவு என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. காரணம் எளிது. வலிக்க அவசியமில்லாதவன் வலியை வரவழைத்துக்கொண்டால்தான் வலிக்கு மதிப்பு வருகிறது. அவசியத்தால் வருகிற வலி வெறும் வாழ்க்கை. அதற்குக் கூலி மட்டும் உண்டு.

இந்த இடத்தில் ஸிமோன் வெயில் ஞாபகம் வருகிறார். தத்துவ ஆசிரியை. 1934 டிசம்பரில் பாரீஸில் ஒரு தொழிற்சாலையில் கூலியாகச் சேர்ந்து, 1935 ஆகஸ்ட் வரை வெவ்வேறு ஆலைகளில், ரெனோ கார் ஆலை உட்பட, எண்ணிக்கைக் கூலிக்கு உழைத்தார். எத்தனை உருப்படி முடித்தார், எவ்வளவு கூலி வந்தது என்று நாட்குறிப்பில் கணக்கு வைத்திருந்தார். அவருடையதும் அவசியமில்லாத வலிதான். ஆனால் அவர் அதை யாரிடமும் காட்டிப் பணம் திரட்டவில்லை. மற்றவர்களின் வலி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளச் செலவழித்தார். சிந்திக்கும் சக்தியே அற்றுப்போகிறது என்பதைத்தான் அவர் அங்கே கண்டார். பிற்காலத்தில் அவர் எழுத்தின் மையத்துக்கு வந்த கருத்து ‘கவனம்’: துன்பப்படுகிறவரை உண்மையிலேயே கவனிப்பது கொடைகளில் அரிதானது என்பது. உடலை வருத்துவதில் இரண்டு திசைகள் இருக்கின்றன. ஒன்று பார்க்கிறவர்களை நோக்கிப் போகிறது. மற்றது படுகிறவர்களை நோக்கி.

என் பயணத்தில் இந்த இரண்டாவது திசை எங்கே இருந்தது என்று தேடினால் மொபெட்டில் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். திரும்பும் வழியில், விருதுநகருக்குச் சில மைல்கள் முன்பு, நான்குவழிச் சாலையின் எதிர்காற்றில் எனக்குத் தொடை பிடித்துக்கொண்டது. சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். மனைவி மோரை ஊற்றிக் கொடுத்தாள். காலை நீவிவிட்டாள். ‘இன்னும் கொஞ்சம்தான், முடிச்சிரலாம்’ என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்னது இது: ‘இறங்கணும்னா இறங்கிருங்க. ரூவாயை நாமளே குடுத்துருவோம்.’

இரண்டு வாக்கியம். முடிச்சு அவிழ்ந்துவிட்டது. பணமும் மைலும் தனித்தனி என்பது அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். பிள்ளைகளுக்குப் பணம் வேண்டும். அது எப்படியும் கொடுக்கப்பட வேண்டியது. எனக்குத் தொடை வலிக்கிறது. அது பார்க்கப்பட வேண்டியது. இந்த இரண்டு தேவைகளைத்தான் அவள் கண்டாள். நூறு என்ற எண் அவள் கணக்கில் இல்லவே இல்லை. நூறு மைல் என்பதே ஒரு விசித்திரம். மைலை விட்டு மெட்ரிக் அளவைக்கு மாறச் சட்டம் 1956இல் வந்துவிட்டது. கிலோமீட்டர் கற்கள் நட்ட சாலையில் நான் மைலை எண்ணிப் போனதற்குக் காரணம், நூறு கிலோமீட்டர் சுலபம் என்பதும் நூற்றறுபது என்பதில் கிரிக்கெட் சதத்தின் கவர்ச்சி இல்லை என்பதும்தான். தேவைக்கு முழு எண் கிடையாது. ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணம் முழு எண்ணில் முடிவதில்லை; தாகமும் அப்படித்தான். முழு எண் வேண்டியிருப்பது பார்வையாளருக்கு.

பிறகும் நான் ஏறி மிதித்தேன். அவள் பின்னால் வந்தாள். அதற்கு அப்புறம் மிதித்த மைல்கள் பிள்ளைகளுக்காக என்று சொல்வதற்கில்லை, அவர்கள் பணம் புளியமரத்தடியிலேயே நிச்சயமாகிவிட்டது. அவை என்னுடைய மைல்கள். அதில் கேவலம் எதுவும் இல்லை. முடிக்க வேண்டும் என்ற ஆசை மனுஷனுக்கு இயல்பு. அதற்குத் தர்மம் என்று வேறொரு பெயர் வைக்கும்போதுதான் சிக்கல்.

சிக்கல் எங்கே போய் இறங்குகிறது என்பது பணத்தைக் கொடுக்கப் போன அன்று தெரிந்தது. பிள்ளைகளை வளர்ப்பது பாட்டி. கூடவந்த நண்பர் ஒருவர் உற்சாகத்தில் பயணத்தை விவரித்துவிட்டார். கிழவி என்னைப் பார்த்தாள். ‘அம்புட்டுத் தூரமா மிதிச்சீக? எதுக்குய்யா?’ என்றாள். உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். எனக்குப் பதில் வருவதற்குள் அவளே தொடர்ந்தாள்: ‘எம் பேரப்பிள்ளைகளுக்காக ஒடம்பக் கெடுத்துக்கிட்டீகளே, இந்தக் கடனை எப்படிய்யா தீர்க்க?’

அவளுக்கு நான் கொடுத்தது பணம். அவள் பெற்றுக்கொண்டது பணமும் என் முழங்காலும். பரிசு எதுவும் வெறுங்கையோடு வருவதில்லை, திருப்பித் தரும் கடப்பாட்டைக் கூட்டிக்கொண்டுதான் வருகிறது என்று 1925இல் மார்ஸெல் மோஸ் விரிவாக எழுதினார். அவர் எழுதியது பழங்குடிச் சமூகங்களை முன்வைத்து. ஆனால் அந்தத் திண்ணையிலும் அது அப்படியே பொருந்தியது. என் வலி காரியத்தை நல்லதாக்கவில்லை, கடனைப் பெரிதாக்கியது. பணத்தையாவது பேரன் சம்பாதித்து என்றாவது திருப்பலாம். வலியை எதைக் கொண்டு திருப்புவது?

இதோடு ஒப்பிட இன்னொன்று இதே வட்டாரத்தில் இருக்கிறது. 2021 பிப்ரவரி 12 அன்று ஏழாயிரம்பண்ணைக்கு அருகே அச்சங்குளத்தில் நடந்த பட்டாசு ஆலை வெடிப்பில் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த ஆண்டே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. இழப்பீடு என்ற சொல்லில் யாருடைய கருணையும் இல்லை. யாரும் வியர்க்கவில்லை. பெறுகிறவள் யாரையும் கும்பிட வேண்டியதில்லை. தாமதமானால் கோபப்படக்கூட உரிமையுண்டு. என் நூறு மைலிடம் யாரால் கோபப்பட முடியும்? உரிமையாக வரவேண்டியது வராத இடத்தில்தான் என் போன்றவனின் சைக்கிள் நுழைகிறது. அது நுழைவது தவறென்று சொல்லவில்லை. தான் எந்த வெற்றிடத்தில் நுழைந்திருக்கிறோம் என்ற பிரக்ஞை அதற்கு வேண்டும் என்கிறேன்.

நண்பர் இதற்கு உடன்படவில்லை. ‘நீ மிதிக்காவிட்டால் இந்தப் பணம் வந்திருக்காது. பலன் முக்கியமா, உன் அந்தரங்க சுத்தி முக்கியமா?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி. வேர்வையைக் கண்டால்தான் ஜனங்கள் நின்று கேட்கிறார்கள் என்பது உண்மை. ஒருவன் சிரமப்படுகிறான் என்றால் காரியத்தில் அவனுக்கு நம்பிக்கை இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். வேர்வை ஒரு முத்திரை. அவ்வளவில் நானும் ஒப்புகிறேன். ஆனால் முத்திரையைப் பார்த்தே தபாலைப் பிரிப்பது என்று பழகிவிட்டால், முத்திரை இல்லாத தபால்கள் பிரிக்கப்படாமலே கிடக்கும். யாரும் சைக்கிள் மிதிக்காத விபத்துகள் இருக்கின்றன. அந்த வீடுகளிலும் பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டியிருக்கிறது. நண்பரின் பலன் கணக்கில் இந்த நஷ்டம் ஏறவில்லை.

இப்போது உடன் வருபவரிடம் வரவேண்டும். டக் ஆல்வர்ட் ஓட்டிய வேன், வட்டத்தோடு நடந்த மனைவியின் செம்பு, என் பின்னால் வந்த மொபெட் ஆகிய மூன்றுக்கும் மைல் கணக்கு இல்லை. பதினோரு மணி நேரம் மெதுவாக, இன்னொருவன் முதுகைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டியவளுக்கு யாரும் மைலுக்கு இவ்வளவு என்று எழுதித் தரவில்லை. இதைச் சொல்லும்போதே ஓர் அபாயம் இருக்கிறது. கணக்கில் வராத உழைப்புதான் உயர்ந்தது என்று சொல்வது, கணக்கில் வராமல் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு மிகவும் சௌகரியமான தத்துவம். நம் வீடுகள் அதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. ஆண்கள் அதைப் புகழ்ந்து கவிதைகளும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே எண்ணப்படாததால் அவள் உழைப்பு மேலானது என்று நான் சொல்லப்போவதில்லை. வித்தியாசம் வேறிடத்தில். என் உழைப்பு ஓர் எண்ணை நோக்கிப் போனது. அந்த எண் வந்ததும் நின்றது. அவள் உழைப்பு ஒரு ஆளை நோக்கி இருந்தது. நான் எழுபதாவது மைலில் இறங்கியிருந்தால் அவளுக்கு எதுவும் குறைந்திருக்காது. நூற்றிருபது போயிருந்தாலும் மோர் வந்திருக்கும்.

‘துணை’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். கூட வருபவர் என்பது ஒன்று. அளவு என்பது இன்னொன்று. எத்துணை, அத்துணை, இத்துணை என்று நாம் எழுதுவதெல்லாம் இரண்டாவது பொருளில். அகராதிக்காரர்கள் இதற்கு வேறு விளக்கம் தரலாம். எனக்குத் தோன்றுவது, ஒரு காரியத்தின் அளவு தூரத்தில் இல்லை, அதில் யார் யாரோடு எப்படிக் கூட இருந்தார்கள் என்பதில் இருக்கிறது என்று இந்தச் சொல் நெடுங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதுதான். குறளின் இல்லறவியலில் வாழ்க்கைத் துணைநலம் ஆறாம் அதிகாரம், ஈகை இருபத்து மூன்றாவது, அடுத்ததாகப் புகழ் இருபத்து நான்காவது. புகழோடு இல்லறவியல் முடிந்துவிடுகிறது. வள்ளுவருக்கு ஈகையின் பின்னால் புகழ் வருவதில் கூச்சமில்லை. எனக்கும் பெரிய கூச்சமில்லை. ஈகைக்கு முன்னே, இருபத்திரண்டாவதாக, ஒப்புரவு என்று ஒன்றை அவர் வைத்திருக்கிறார் என்பதைத்தான் நாம் தாண்டிப் போய்விடுகிறோம். கொடுப்பவன், வாங்குபவன் என்ற பேதம் ஏற்படுவதற்கு முந்திய நிலை அது. தன்னோடு இருப்பவரின் தேவையைத் தன் பாட்டில் அறிந்து நடப்பது. மொபெட்டில் வந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

வங்கியில் பணம் கட்டும் சீட்டில் பெயர், கணக்கு எண், தொகை, தேதி, கையெழுத்து இவற்றுக்குக் கட்டங்கள் உண்டு. நோட்டுகள் எத்தனை எத்தனை என்று எழுதவும் இடம் உண்டு. எவ்வளவு சிரமப்பட்டு வந்த பணம் என்று எழுத ஒரு கட்டம் கிடையாது. பல வருஷங்களாக அந்தச் சீட்டுகளை வாங்கி முத்திரை குத்திக்கொண்டிருக்கிற எனக்கு அது ஒரு குறையாகப் பட்டதே இல்லை. குரோஸ் கூலியும், தீர்ப்பாயத்தின் இழப்பீடும், மைல் கணக்கில் வந்த தர்மமும் அதன் வழியாகப் போகும்போது ஒரே விதமான பணமாகிவிடுகின்றன. அந்தப் பிள்ளைகளின் பெயருக்கு இனிப் போகிற தொகை அப்படியே போகட்டும்.